புன்னைவெளி வாய்க்காலின் வெற்றிக் கதை

முசியே சார்ல் நம்பிக்கை விநியோகத்தில் இறங்கி ஆறு மாதமாகிறது. அதற்கு முன்னால் பாரிஸ் புறநகரில் ஒரு தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே அவர் யாருக்கும் நம்பிக்கை கொடுத்ததாகத் தகவல் இல்லை. பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர், தருமபுரத்து வீட்டு மாடியில் ஓர் அறையை எடுத்து, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஒரு ஒலிவாங்கியை வாங்கி வைத்து, 'எழுவோம், எழுப்புவோம்' என்று பாட்காஸ்ட் ஆரம்பித்தார். அத்தனை அட்டைக்கும் முட்டையைத் தின்று தீர்த்தது அவர் மனைவி எலேன்தான் என்று தெருவில் பேச்சு. சமூக மாற்றத்துக்காக அந்த வீட்டில் நடந்த ஒரே தியாகம் அது.

பாட்காஸ்டில் வாரம் ஒரு கதை. நம்பிக்கையை இழக்காத யாராவது ஒருவர். திருவேட்டக்குடிக் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கிய இளைஞர் வந்தார். ஒலிபரப்பான மாதமே அவர் சிங்கப்பூர் போய்விட்டார்; கரையில் பிளாஸ்டிக் பத்திரமாக இருக்கிறது. கல்லூரி வாசலில் இலவசமாகப் புத்தகம் வைத்த பேராசிரியர் வந்தார். அவர் எழுதி விற்காத புத்தகங்கள்தான் அவை என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு கதையின் முடிவிலும் புல்லாங்குழல் வாசிக்கும். அது வாசித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அர்த்தம்.

அந்த வரிசையில் பதினேழாவதாக மாட்டியவள் மங்கையர்க்கரசி.

மங்கையர்க்கரசி மருந்தாளுநர். அரசு மருத்துவமனையின் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடமாக நின்று, மஞ்சள் மாத்திரை காலையில், வெள்ளை மாத்திரை ராத்திரியில் என்று சொல்லிச் சொல்லிக் குரல் தடித்தவள். தினமும் புன்னைவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். ஊரில் அவளுக்கும் புருஷன் சிவநாதனுக்கும் நெல் வயல் இருக்கிறது. வயலைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் புன்னைவெளி வடிவாய்க்கால். ஐப்பசி மழையில் வயலில் தேங்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வாய்க்கால் மண்மேடிட்டு, ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்ததால், போன இரண்டு வருடமும் தண்ணீர் போக மறுத்தது. நட்ட சம்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அழுகிற வாடையை அவள் பஸ் ஏறும் வரை மூக்கில் சுமந்துகொண்டு போனாள். மூன்றாவது வருடமும் அழுகினால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று சிவநாதன் முடிவு செய்துவிட்டான். விட்டுவிட்டு என்ன செய்வான் என்று அவள் கேட்கவில்லை. ஒன்றும் செய்ய மாட்டான், முற்றத்தில் உட்கார்ந்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே அவள் ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கி மனு மேல் மனுவாகப் போட்டாள். பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு முசியே வந்து சேர்ந்தார்.

அவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. 'உங்கள் குரலை ரீயூனியன் தீவில் கேட்பார்கள், கனடாவில் கேட்பார்கள்' என்று அவர் சொன்னதும், இருபது வருடமாக மாத்திரைக்கு மட்டுமே பயன்பட்ட குரலுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. பதிவுக்கு முதல் நாள் சமையலறையில் நின்று தனக்குத்தானே பேசிப் பார்த்தாள். சிவநாதன் எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லையென்று தெரிந்ததும் மரியாதையாக நகர்ந்து போனான்.

முட்டை அட்டை அறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் முசியேயின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது.

"சகோதரி, அந்த இருண்ட நாட்களில் உங்களுக்குள் ஒளிர்ந்தது எது?"

"டார்ச் லைட்டுதான் முசியே. வரப்புல பாம்பு கெடக்கும்."

அது ஒலிபரப்பில் வரவில்லை.

வெறும் பேச்சு போதாது, செயலும் வேண்டும் என்று முசியே ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். எல்லோருக்கும் பச்சை பனியன், முதுகில் 'எழுவோம்', முன்னால் 'எழுப்புவோம்'. கேமராவைப் பாலத்தின் மேல் நிறுத்தினார்கள். பாலத்திலிருந்து பார்த்தால் வாய்க்கால் வளையும் இடம் வரைக்கும்தான் தெரியும். ஆகையால் அதுவரைக்கும்தான் சுத்தம் செய்தார்கள். மிதந்த தாமரையைக் கரையில் இழுத்துப் போட நேரமில்லாமல், மூங்கில் கழியால் கீழ்ப்பக்கமாகத் தள்ளிவிட்டார்கள். அது மொத்தமாக மிதந்து போய்க் கீழ்மதகின் வாயில் பாய் விரித்தாற்போல் படுத்துக்கொண்டது.

"என்னா இது, இழுத்து மேல போடாம தள்ளிவுடுறானுவ?" என்றான் சிவநாதன்.

"அதெல்லாம் அப்புறம் எடுப்பாங்க" என்றாள் மங்கையர்க்கரசி. அப்போது அவள் பாலத்தின் மேல் கேமராவுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள்.

ஆவணியில் ஒலிபரப்பானது. "இன்று புன்னைவெளி வாய்க்கால் தெளிந்து ஓடுகிறது. யாரையும் எதிர்பார்க்காத எளிய மக்கள் தங்கள் கைகளால் எழுதிய கவிதை அது" என்று கிணற்றுக் குரல் சொல்லி முடிக்க, புல்லாங்குழல் எழுந்தது.

சிவநாதன் போனைப் பார்த்தபடி கேட்டான். "இது எந்த ஊரு புன்னைவெளி?"

அவளுக்கும் சுருக்கென்றதுதான். 'பாலத்துக்கிட்ட பிள்ளைங்க சுத்தம் பண்ணிட்டாங்க, மத்ததுக்குப் பொக்லைன் வந்தாத்தான் ஆகும்' என்று சுத்தம் செய்த அன்று பாலத்தில் அவள் ஒலிவாங்கியில் சொன்னதில் முதல் பாதி மட்டும் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலமே கனடாவிலிருந்து சின்ன மாமனார் மகள் கூப்பிட்டு அழுதாள். மறுநாள் கூட வேலை பார்க்கும் நஜீபா, மருந்துக் கூடத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கேட்க வைத்தாள். "நம்ம அக்கா குரலு ரேடியோவுல வர்ற மாரி இருக்கு" என்றாள். வரிசையில் நின்ற நோயாளிகளும் கேட்டார்கள். வேறு வழியில்லை, ஜன்னல் மூடியிருந்தது. மங்கையர்க்கரசி இரண்டு வாரம் அந்த மிதப்பில் இருந்தாள்.

புரட்டாசி பிறந்தது. நடவு முடிந்தது. பக்கத்து வாய்க்கால்களில் எல்லாம் பொக்லைன் இறங்கி மண்ணை அள்ளியது. புன்னைவெளிக்கு மட்டும் வரவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் பாசனப் பிரிவு உதவிப் பொறியாளர் சிவராமனைப் பார்க்கப் போனாள்.

ஏ.இ. சிவராமன் எழுந்தே நின்றுவிட்டார். அத்தனை மனு கொடுத்தபோதும் உட்கார்ந்தபடியே வாங்கியவர்.

"வாங்க மேடம், வாங்க. நேத்துகூட வீட்டுல உங்களப் பத்தித்தான் பேச்சு. என் ஒய்ஃப் அழுதுட்டாங்க."

"எதுக்கு சார்?"

"கடைசியில அந்தப் புல்லாங்குழல் வருது பாருங்க. நான் கார்ல கேட்டேன். ஓரமா நிறுத்திட்டேன்."

"நல்லது சார். பொக்லைன் எப்ப வருது?"

"எங்க?"

"எங்க வாய்க்காலுக்கு."

சிவராமன் அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அதான் நீங்களே செஞ்சுட்டீங்களே மேடம்."

"பாலத்துலேருந்து வளைவு வரைக்கும்தான் சார். அதுவும் மேல மெதந்தத. அடிமண்ணு அப்படியே கெடக்கு. கீழ்மதகு அடைச்சுக்கிட்டு நிக்குது. வந்து பாருங்க."

"பாட்காஸ்ட்ல அப்படிச் சொல்லலையே."

"நான் சொன்னேன். அவரு வெட்டிட்டாரு."

"இப்ப என்ன ஆகுதுன்னா மேடம்," சிவராமன் குரலைத் தாழ்த்தினார், "மக்கள் செஞ்சு முடிச்ச வேலைய நாங்க மறுபடி செஞ்சா ஆடிட்டுல கேப்பான். ஊரு உலகமே கேட்டுருக்கு. பிரான்ஸ்ல கேட்டுருக்காங்க. நாளைக்கு எவனாவது ஆர்.டி.ஐ. போட்டான்னா நான் எங்க போறது? உங்க வாய்க்கால லிஸ்ட்டுலேருந்து எடுத்துட்டோம். அடுத்த வருஷம் புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க, நானே முன்னால நின்னு பாத்துக்கறேன்."

"மிஷின் சும்மாதான சார் நிக்குது பின்னால."

"நிக்குது. அதுக்காக?"

மனு போட்டபோது வாய்க்காலில் மண் இருப்பதாவது ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. இப்போது மண்ணே இல்லை. நம்பிக்கை அதை அள்ளிவிட்டது.

அங்கிருந்து நேராகத் தருமபுரம் போனாள். முசியே சார்ல் பேரன் பிறந்தாற்போன்ற களையில் இருந்தார். பாட்காஸ்ட் புத்தகமாகிறதாம். 'எழுவோம், எழுப்புவோம்: கடலோர மண்ணின் இருபத்தோரு நம்பிக்கைகள்.' அட்டையில் ஒரு கை, கைக்குள் ஒரு செடி, செடிக்குப் பின்னால் சூரியன். கைக்குச் சொந்தக்காரருக்கு நகம் அவ்வளவு சுத்தமாக இருந்ததிலிருந்து அவர் எந்தச் செடியும் நட்டவரில்லை என்று தெரிந்தது.

எலேன் காப்பி கொண்டுவந்து வைத்தார். மங்கையர்க்கரசி விஷயத்தைச் சொன்னாள். ஒரு சின்னத் திருத்தம் போதும். வாய்க்கால் இன்னும் முடியவில்லை என்று அடுத்த வாரம் ஒரு வார்த்தை.

முசியே கண்ணை மூடித் திறந்தார். "புரியுது மேடம். உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா கேக்குறவங்க நெலமையையும் பாக்கணும் இல்லையா? வாரம் பூரா கெட்ட சேதி. ஞாயித்துக்கெழம காலைல காப்பி குடிச்சுக்கிட்டே நம்மளக் கேக்குறாங்க. அவங்க கிட்டப் போய், அது நடக்கலைன்னா..."

"வயல் அழுகிடும் முசியே."

"அத அடுத்த சீசன்ல வச்சிருக்கேன். 'பின்னடைவுகளிலிருந்து மீள்தல்'. நீங்கதான் முதல் விருந்தினர்."

"அப்ப அழுகினாத்தான் உங்களுக்கு வசதி."

"செல்வி மாதிரிப் பேசாதீங்க," என்றார் முசியே. செல்வி அவர்கள் வீட்டில் வேலையை விட்டு நின்றுகொண்ட பெண். "எதிர்மறையா யோசிச்சா எதிர்மறைதான் வரும்."

மங்கையர்க்கரசிக்கு ஜன்னல் குரல் வந்துவிட்டது. "இந்த நம்பிக்கைய எத்தன வேள எடுத்துக்கணும் முசியே? சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

எலேன் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. முசியேவுக்கோ முகம் மலர்ந்தது. "அருமை. இத இன்ஸ்டாவுல போட்டுக்கலாமா? உங்க பேரு போட்டே போடுறேன்." பிறகு புத்தக வெளியீட்டு விழா அழைப்பிதழை எடுத்து நீட்டினார். "ஞாயித்துக்கெழம நீங்க கட்டாயம் வரணும். பொன்னாடை இருக்கு. ரெண்டு நிமிஷம் ஏற்புரை. பாஸிட்டிவா. ஏ.இ. சார் வாழ்த்துரை. அவங்க செயற்பொறியாளர் வைத்தியலிங்கம் சார்தான் தலைமை."

போகக் கூடாது என்றுதான் இருந்தாள். சனிக்கிழமை சிவநாதன் வயலிலிருந்து வந்து, "குத்தகைக்குக் கேட்டவரு வரச் சொல்லியிருக்காரு, அடுத்த வாரம்" என்றான். சொல்லிவிட்டுக் காலைக் கழுவ ஆரம்பித்தான். கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவினான். அவள் உள்ளே போய் நல்ல புடவையை எடுத்து வைத்தாள்.

மண்டபத்தில் கூட்டம் குறைவில்லை. முதல் வரிசையில் அதிகாரிகள், இரண்டாவதில் பிரெஞ்சு பென்ஷன்காரர்கள், பின்னால் பச்சை பனியன் பிள்ளைகள். கும்பகோணத்திலிருந்து சிவக்குமார் என்ற ஊக்கப் பேச்சாளர் வந்திருந்தார். எல்லோரையும் கண்ணை மூடி ஒரு கடலை நினைக்கச் சொன்னார். கடல் நடந்து போகிற தூரத்தில் இருந்தது, இருந்தும் நினைத்தார்கள். பிறகு கண்ணைத் திறந்து பக்கத்திலிருப்பவர் தோளைத் தொட்டு 'நீங்கள் ஒரு மாற்றம்' என்று சொல்லச் சொன்னார். மங்கையர்க்கரசிக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கியிருந்தார். அந்தக் கூட்டத்தில் நிம்மதி பெற்றவர் அவர் ஒருவர்தான்.

ஏ.இ. சிவராமன் வாழ்த்துரையில், "புன்னைவெளி மக்கள் மாதிரி எல்லாரும் இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்லை" என்றார். மண்டபம் சிரித்தது. மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. அவள் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து மேடையில் எல்லோரும் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அச்சகத்துக்காரருக்கு, அவர் தாமதமாகத்தான் கொடுத்தார், நன்றி. மண்டப உரிமையாளருக்கு, மின்விசிறி ஓடவில்லை, நன்றி. ஒவ்வொரு நன்றிக்கும் பெயர் சொல்லப்பட்டவர் பாதி எழுந்து, கைகூப்பி, நாலு பக்கமும் திரும்பி உட்கார்ந்தார். எதற்கு நன்றி என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மேடையில் சொல்லும் நன்றிக்கு யாரும் ரசீது கேட்பதில்லை. நான் அதைச் செய்யவில்லையே என்று எழுந்து சொன்ன மனிதனை அவள் இத்தனை வருடத்தில் எந்த விழாவிலும் பார்த்ததில்லை.

"அடுத்து, வாய்க்காலைக் கவிதையாக்கிய வீரமங்கை" என்று தொகுத்து வழங்கிய கீர்த்திகா அழைத்தாள். பொன்னாடை விழுந்தது. நைலான், கழுத்தை அரித்தது.

மங்கையர்க்கரசி ஒலிவாங்கியைப் பிடித்தாள். இருபது வருடத்தில் ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்தவளில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். மாற்றம் நம்மகிட்டேருந்துதான் தொடங்குதுன்னு முசியே சொல்லிக் குடுத்தாரு," என்றாள். முசியே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "நாங்க ஒரு சின்ன அடி எடுத்து வச்சோம். பாலத்துலேருந்து வளைவு வரைக்கும். அதப் பாத்துட்டு, நாங்க கேக்காமலே, மிச்ச வாய்க்காலையும் கீழ்மதகு வரைக்கும் அடிமண்ணு எடுத்துத் தர்றதுக்கு நாளைக்குக் காலைல பொக்லைன் அனுப்புறேன்னு சொன்ன ஏ.இ. சாருக்கும், அதுக்கு ஒடனே உத்தரவு போட்ட இ.இ. சாருக்கும், புன்னைவெளி சார்பா என் நன்றி. இப்படி அதிகாரிங்க இருக்குறப்ப நம்பிக்கை எப்படி வராம இருக்கும்?"

ஒரு கணம் மின்விசிறி ஓடாத சத்தம் கேட்டது.

அப்புறம் கீர்த்திகா, அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தபடி, "பலத்த கரவொலி எழுப்பலாமே" என்றாள். பச்சை பனியன்கள் விசிலடித்தன. செயற்பொறியாளர் வைத்தியலிங்கம் பாதி எழுந்து கைகூப்பினார். எழுந்த பிறகுதான் எந்த உத்தரவு என்ற யோசனை வந்தது. ஏதாவது கோப்பில் கையெழுத்துப் போட்டிருப்போம் என்று உட்கார்ந்தார். சிவராமனுக்கு அவர் எழுந்ததைப் பார்த்ததும் வியர்த்தது. மேலதிகாரி நேரடியாக ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார், தனக்குத்தான் தெரியவில்லை என்று அவரும் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார்.

"நல்ல காரியம்யா," வைத்தியலிங்கம் பக்கவாட்டில் சாய்ந்து சொன்னது முன் வரிசைக்குக் கேட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சார்," என்றார் சிவராமன்.

முசியே சார்ல் அதற்குள் எழுந்து ஒலிவாங்கியை வாங்கிவிட்டார். தன் மேடையில் தனக்குத் தெரியாமல் ஒரு நம்பிக்கை பிறந்ததை அவரால் தாங்க முடியவில்லை. "இந்தச் செய்தியை இன்றைய விழாவுக்காகவே நாங்கள் ரகசியமாக வைத்திருந்தோம்," என்றார் கிணற்றுக் குரலில். நாளை நேரலையாக ஒலிபரப்பப் போவதாகவும் அறிவித்தார்.

மங்கையர்க்கரசி இறங்கி வந்து உட்கார்ந்தாள். இவ்வளவு லேசானதா இது என்று இருந்தது. நடக்காததை நடந்ததென்று சொல்வதுதான் தொழில் ரகசியம். அதற்கு முட்டை அட்டைகூட வேண்டியதில்லை.

மறுநாள் பொக்லைன் வரவில்லை. ஓட்டுநர் லீவாம். முசியே மட்டும் வந்து, ஆளில்லாத வாய்க்கால் கரையில் நின்று, எதிர்பார்ப்பின் அழகைப் பற்றி நேரலையில் பேசினார். செவ்வாய்க்கிழமையும் பேசினார். குத்தகைக்காரரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லலாமா என்று சிவநாதன் கேட்டான். பொன்னாடையை மடித்து வைத்திருந்த இடத்தைப் பார்க்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஆனால் நேரலையை வைத்தியலிங்கமும் பார்த்திருக்கிறார். மிஷின் எங்கேய்யா என்று கேட்டிருக்கிறார். ஆடிட் பயத்தை விடப் பெரிய பயம் ஒன்று சிவராமனுக்கு வந்திருக்க வேண்டும். புதன்கிழமை காலை, லாரி மேல் ஏறி, மஞ்சள் நிறத்தில், அது வந்தது.

கீழ்மதகில்தான் முதலில் இறங்கியது. தாமரைப் பாயை வாரி எடுத்ததும் உள்ளிருந்து கறுப்புச் சேறும், மூங்கில் கழியும், ஒரு பச்சை பனியனும் வந்தன. சிவநாதன் கரையில் குந்தி, ஒவ்வொரு வாளிக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்னா மாயம் பண்ணுன?" என்றான்.

"நன்றி சொன்னேங்க."

"செய்யறதுக்கு முன்னாடியேவா?"

"செஞ்சப்புறம் சொல்ற மாரி இவங்க எங்க செய்யறாங்க?"

"அந்தக் குத்தகைக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்று எழுந்து போனான். போகிற வழியில் நின்று, மண் விழுகிற இடத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான்.

முசியே ரப்பர் பூட்ஸோடு வந்தார். "பொக்லைன்ங்கறது பிரெஞ்சுக் கம்பெனி பேரு, தெரியுமா மேடம்?" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஒலிவாங்கியை நீட்டினார். குரல் இறங்கியது. "சகோதரி, அந்த மேடையில் நின்ற கணத்தில் உங்கள் நெஞ்சில் இருந்தது என்ன?"

"பொய் சொன்னேன் முசியே. யாரும் எனக்கு மிஷின் தர்றேன்னு சொல்லல."

முசியே புன்னகை மாறாமல் தலையசைத்தார். "அத எடிட்டுல எடுத்துடலாம். நம்பிக்கையப் பத்தி ஒரு வரி மட்டும் சொல்லுங்க."

இருபத்திரண்டாவது நம்பிக்கையும் தானேதான் என்று அவளுக்கு விளங்கியது. வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னும் பாதி வாய்க்கால் கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓட்டுநர் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறவர்போல எஞ்சினைத் தணித்தார்.

மங்கையர்க்கரசி ஒலிவாங்கியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, "நீங்க நிக்கிறது சேறு கொட்டுற எடம், தள்ளி நில்லுங்க" என்று சொல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுநரை நோக்கி நடந்தாள். போகும்போதே கைகூப்பினாள்.

"மழைக்கு முன்னால முழுசும் முடிச்சுட்டுத்தான் சாப்புடுவேன்னு சொன்னீங்களாமே," என்றாள். "ரொம்ப நன்றிங்க."